பேஸ்பால் சிமுலேஷனில் டிராஃப்ட்டும் கையெழுத்தும்: புதிதாகச் சேர்பவர்களுக்கு

போன மாதம் அக்கா மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். எங்கள் லீக்கில் அவனுக்கு இது முதல் வருடம். "மாமா, இந்தப் பையனுக்கு பவர் 75 காட்டுது. முதல் ரவுண்ட்ல இவனையே எடுத்துடட்டா?" என்றான். "அவன் எவ்வளவு கேக்குறான், பாத்தியா?" என்று கேட்டேன். அதை அவன் பார்க்கவே இல்லை. அன்றிரவு அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஆறு பேர் இந்த ஆட்டத்தில் இருக்கிறோம். இரண்டு பேர் பள்ளியில் சாப்ட்பால் ஆடியவர்கள். மற்றவர்கள் பேஸ்பால் மட்டையைத் தொட்டதுகூட இல்லை, அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. நாங்கள் ஆடுவது அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால், சுருக்கமாக ஓஓடிபி. ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்குஸ் ஹைன்சோன் உருவாக்கியது, முதல் பதிப்பு 1999-இல் வந்தது. இதில் யாரும் பந்தை அடிப்பதில்லை. அணியின் மேலாளராக உட்கார்ந்து ஆள் எடுக்கிறோம், சம்பளம் பேசுகிறோம், யார் எங்கே ஆட வேண்டும் என்று முடிவு செய்கிறோம். ஆட்டத்தைக் கணினி ஆடி முடித்துவிடும். ஆன்லைன் லீக்கில் 30 அணிக்கு 30 மனிதர்கள், நடத்துவதற்கு ஒரு கமிஷனர். டிராஃப்ட் என்றால் அணிகள் முறை வைத்துச் சுற்றுச் சுற்றாகப் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுப்பது, அந்த ஒவ்வொரு முறையும் ஒரு பிக்.

என் அப்பா செம்பனைத் தோட்டத்தில் நர்சரியில் வேலை செய்தவர். கன்று ஏறத்தாழ ஒரு வருடம் பையில் நிற்கும். அதற்குள் வளைந்தது, கட்டையாய் நின்றுவிட்டது, இலை விரியாதது என்று கழித்துக்கொண்டே வருவார்கள். வயலில் நட்ட பிறகும் முதல் குலை வெட்ட இரண்டரை, மூன்று வருடம் ஆகும். டிராஃப்ட்டில் எடுக்கும் 18 வயதுப் பையன்களும் அப்படித்தான், இன்னும் கூடுதலாகவே காத்திருக்க வேண்டும். ஆனால் நர்சரிக்கும் டிராஃப்ட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பையில் இருக்கும் கன்று நம்முடையது. டிராஃப்ட்டில் பெயர் கூப்பிட்ட பையன் இன்னும் நம்முடையவன் இல்லை, அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதலில் விதிப்புத்தகம்

ஆன்லைன் லீக்குகளில் விதி ஒன்றுபோல் இருக்காது. கமிஷனரிடம் நான்கு கேள்வி கேட்டுவிடுங்கள். எத்தனை சுற்று? கையெழுத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு உச்சவரம்பு உண்டா? பிக்கை மற்ற அணிக்கு விற்கலாமா? கையெழுத்துப் போடாதவனுக்கு ஈடாக அடுத்த வருடம் ஏதாவது கிடைக்குமா? கூச்சப்படாமல் கேளுங்கள். விற்கலாமா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் சில குறிப்பிட்ட பிக்குகளைத் தவிர மற்றதை விற்க முடியாது, சிமுலேஷனில் பல லீக்குகள் அனுமதிக்கின்றன. நீங்கள் எடுத்துக்கொண்ட அணியின் முதல் சுற்று பிக்கை முந்தைய மேலாளர் ஏற்கெனவே விற்றுத் தீர்த்திருக்கவும் கூடும்.

இன்னொன்றையும் பாருங்கள். திறமை மாற்றத்தின் தற்செயல் அளவு என்று ஓர் அமைப்பு உண்டு, ஆட்டக்காரர்கள் டிசிஆர் என்பார்கள். சாதாரண அளவு 100. உங்கள் லீக்கில் அது கூடுதலாக இருந்தால், இன்று நட்சத்திரம் போலத் தெரிபவன் நாளை ஒன்றுமில்லாமல் போவதும், யாரும் பார்க்காதவன் திடீரென்று எழுவதும் அதிகம் நடக்கும். அப்படிப்பட்ட லீக்கில் ஒரே பையன்மேல் எல்லாப் பணத்தையும் கொட்டக்கூடாது, பலரிடம் பிரித்துப் போட வேண்டும்.

ஸ்கவுட் சொல்வதை எவ்வளவு நம்புவது

வீரர்களின் திறமை 20-இலிருந்து 80 வரையான அளவுகோலில் தெரியும். உண்மையான ஸ்கவுட்டுகள், அதாவது ஆட்டக்காரர்களைப் போய்ப் பார்த்துத் திறமையைக் கணிப்பவர்கள், பயன்படுத்துவதும் இதே அளவுகோல்தான், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொருவருக்கும் இன்றைய திறமை, எட்டக்கூடிய திறமை என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் உங்கள் ஸ்கவுட்டின் கணிப்பு மட்டுமே. அவன் கண் சரியில்லை என்றால் எண்ணும் சரியில்லை.

அதனால் ஸ்கவுட்டிங் பட்ஜெட்டைப் பாருங்கள். அது மேஜர், மைனர் (கீழ்மட்ட லீக்குகள்), சர்வதேசம், அமெச்சூர் (பள்ளி, கல்லூரிப் பையன்கள்) என்று நான்காகப் பிரிந்திருக்கும். தோற்றுக்கொண்டிருக்கும் அணியை எடுத்திருக்கிறீர்கள் என்றால் அமெச்சூர் பங்கைத் தாராளமாகக் கூட்டுங்கள். டிராஃப்ட்டுக்கு முதல் வாரம் கூட்டிப் பயனில்லை, சீசன் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். ஸ்கவுட்டிங் இயக்குநரின் பக்கத்தையும் படியுங்கள். சிலர் உடல்திறனை விரும்புவார்கள், சிலர் இன்று கையில் இருக்கும் ஆட்டத்தை விரும்புவார்கள். உடல்திறனை விரும்புகிறவர் 18 வயது ஓட்டக்காரனை வானத்துக்குத் தூக்கி வைப்பார், அதைக் கொஞ்சம் குறைத்தே படிக்க வேண்டும்.

உங்கள் ஸ்கவுட் அல்லாமல் ஓஎஸ்ஏ என்ற பொது மதிப்பீடு ஒன்றும் ஆட்டத்தில் உண்டு, அது எல்லா அணிக்கும் ஒன்றுதான். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போகும் பையனை முதல் சுற்றில் எடுப்பேன். என் ஸ்கவுட் மட்டும் புகழ்கிறவனை நான்காம், ஐந்தாம் சுற்றுக்கு வைத்திருப்பேன். மற்றவர்கள் கண்ணில் அவன் சாதாரணமாகத் தெரிவதால் பெரும்பாலும் அதுவரை காத்திருப்பான்.

பட்டியல் எழுதுவது

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: வயதும் பள்ளியா கல்லூரியா என்பதும், எந்த இடத்தில் ஆடுகிறான், எவ்வளவு கேட்கிறான்.

பள்ளிப் பையனுக்கு 18 வயது. வளர்ந்து எட்டக்கூடிய உயரம் அதிகம், ஆபத்தும் அதிகம். 'பணம் போதாது, கல்லூரிக்குப் போகிறேன்' என்று சொல்லும் வழியும் அவனிடம் இருக்கிறது. கல்லூரி மூன்றாம் ஆண்டு முடித்தவனுக்கு 21 வயது, சீக்கிரம் மேலே வருவான். கல்லூரி கடைசி ஆண்டும் முடித்தவனுக்குப் போக வேறு இடம் இல்லை. கொடுப்பதை வாங்கிக்கொள்வான். இந்தக் கடைசி வகையை மறக்காதீர்கள், பணக் கணக்கு பேசும்போது இவர்களிடம் திரும்பி வருகிறேன்.

இடத்தைப் பொறுத்தவரை, ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவன்) சென்டர் ஃபீல்டரும் (வெளிமைதானத்தின் நடுவில் நிற்பவன்) எனக்கு எப்போதும் முன்னால். ஷார்ட்ஸ்டாப்பாக நிற்கத் தெரிந்தவனை இரண்டாம் பேஸுக்கோ மூன்றாம் பேஸுக்கோ மாற்றலாம். முதல் பேஸில் மட்டுமே நிற்கத் தெரிந்தவனுக்கு மட்டை ஓடவில்லை என்றால் அவனுக்கு வேறு இடமே இல்லை. அக்கா மகன் காட்டிய பவர் 75 பையன் முதல் பேஸ்காரன், வயது 18, பந்தைத் தொடும் திறன் 35. பந்தைத் தொடாதவனுக்கு பவர் எவ்வளவு இருந்து என்ன?

பந்து வீசும் பிட்ச்சர்களில் ஸ்டஃப் (மட்டைக்காரனைத் தவறவிட வைக்கும் வீச்சு), மூவ்மென்ட் (பந்து வளையும் விதம்), கன்ட்ரோல் (குறி தவறாமை) மூன்றையும் பாருங்கள். ஆட்டத்தைத் தொடங்குகிறவனாக வளர வேண்டும் என்றால் குறைந்தது மூன்று நல்ல பந்து வகையும், நீண்ட நேரம் வீசும் தெம்பும் வேண்டும். இரண்டே வகை வைத்திருப்பவன் கடைசியில் ரிலீவராக, அதாவது நடுவில் வந்து கொஞ்ச நேரம் வீசுகிறவனாகத்தான் முடிவான், முதல் சுற்று பிக்கை அவனுக்குக் கொடுப்பது வீண். தோள்பட்டை, முழங்கைக் காயத்தில் பாதிப் பேர் காணாமல் போவதைப் பார்த்துவிட்டேன், அதனால் முதல் மூன்று சுற்றில் ஒரு பிட்ச்சருக்கு மேல் எடுப்பதில்லை. இது என் வழக்கம். எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் பிட்ச்சர்களாகவே எடுத்து இரண்டு முறை கோப்பை வாங்கினார்.

இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் குணத்தைப் பாருங்கள். உழைப்பு, புத்தி என்று எழுதியிருக்கும். உழைப்பு அதிகம் உள்ளவன் நன்றாக வளர்வதற்கு வாய்ப்பு கூடுதல். பேராசை அதிகம் என்று போட்டிருந்தால் இன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த ஒப்பந்தத்திலும் கையைக் கடிப்பான்.

கடைசிச் சுற்றுகளை ஏனோதானோ என்று விடாதீர்கள். மைக் பியாசாவை 1988-இல் 62-ஆம் சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுத்தார்கள். 2016-இல் அவர் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999-இல் 13-ஆம் சுற்றில் போனவர். 2021 முதல் மேஜர் லீக்கில் 20 சுற்றுதான், ஆனாலும் 15-ஆம் சுற்றில் எடுத்த ஒருவன் உங்கள் அணிக்கு வந்து நிற்பது அதிசயமில்லை.

டிராஃப்ட் நமக்குக் காலையில் நடக்கும்

கமிஷனர் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இருந்தால், கோடையில் அவருக்கும் நமக்கும் சரியாக 12 மணி நேரம் வித்தியாசம். ஞாயிறு இரவு 9 மணிக்கு டிராஃப்ட் என்று அவர் சொன்னால் நமக்குத் திங்கள் காலை 9 மணி. வேலைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து ஆள் எடுக்க முடியாது. குளிர்காலத்தில் அது 13 மணி நேரமாகிவிடும், டிசம்பரில் வரும் வேலைகளுக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் பட்டியலை வரிசைப்படுத்தி ஆட்டத்திலேயே சேமித்து, அணிக் கோப்பை எக்ஸ்போர்ட் செய்து அனுப்பிவிடுங்கள். உங்கள் முறை வரும்போது பட்டியலில் மிச்சம் இருப்பவர்களில் மேலே உள்ளவனைக் கணினி எடுத்துக்கொள்ளும். பட்டியல் தீர்ந்துபோனால் அதுவே யாரையாவது எடுத்துவிடும், அந்த யாரோ பெரும்பாலும் உங்களுக்கு வேண்டாதவனாகத்தான் இருப்பான். 20 சுற்று என்றால் குறைந்தது 150 பெயராவது வைக்க வேண்டும். முதல் சுற்றில் 25-ஆவது பிக் என்றால் உங்களுக்கு முன்னாலேயே 24 பேர் போயிருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கோப்பை மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுவது நல்லது. நம் பக்கம் சாயங்கால இடிமழைக்கு மோடத்தைக் கழற்றி வைக்காத வீடு குறைவு. மூன்று வருடத்துக்கு முன் 'ராத்திரி அனுப்பிக்கொள்ளலாம்' என்று விட்டேன். விடிய விடிய இணையம் வரவில்லை. கணினி எனக்கு எடுத்துக் கொடுத்த முதல் ஆள் ஏற்கெனவே ஒருமுறை முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிட்ச்சர்.

கையெழுத்து வாங்குவது

இனி வருவதை இரண்டு முறை படியுங்கள்.

மேஜர் லீக்கில் 2012 முதல் இருக்கும் முறையை எங்கள் லீக்கும் பின்பற்றுகிறது. முதல் 10 சுற்றில் ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு தொகை குறித்திருப்பார்கள், அது ஸ்லாட். உங்கள் பிக்குகளின் ஸ்லாட் எல்லாம் சேர்ந்தது உங்கள் பூல். ஒருவனுக்கு ஸ்லாட்டைவிடக் குறைத்துக் கொடுத்தால் மிச்சத்தை வேறொருவனுக்குக் கூட்டிக் கொடுக்கலாம். மொத்தம் பூலைத் தாண்டினால் தண்டனை. 5 சதவீதம் வரை தாண்டினால், தாண்டிய தொகைக்கு 75 சதவீத வரி மட்டும். அதற்கு மேல் 10 சதவீதம் வரை போனால் வரியோடு அடுத்த வருட முதல் சுற்று பிக்கும் போகும். 15-ஐத் தாண்டினால் முதல் சுற்று பிக் இரண்டு போய்விடும், வரியும் 100 சதவீதம்.

இதில் ஒளிந்திருக்கும் முள் ஒன்று: முதல் 10 சுற்றில் எடுத்தவன் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவனுடைய ஸ்லாட் உங்கள் பூலிலிருந்து கழிந்துவிடும். அவனுக்கு வைத்திருந்த பணம் மிச்சம் ஆகாது, இல்லாமலே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பூல் 8 மில்லியன் டாலர். முதல் பிக்கின் ஸ்லாட் 4 மில்லியன், இரண்டாவதுக்கு 1.5 மில்லியன், மற்ற எட்டுக்கும் சேர்த்து 2.5 மில்லியன். முதல் பிக்குக்கு 3.2 மில்லியன் போதும் என்கிற கல்லூரி ஷார்ட்ஸ்டாப்பை எடுக்கிறீர்கள், 8 லட்சம் மிச்சம். 8, 9, 10-ஆம் சுற்றுகளில் கல்லூரி கடைசி ஆண்டுக்காரர்களை எடுக்கிறீர்கள். அந்த மூன்று ஸ்லாட்டும் சேர்ந்து 5 லட்சம், அவர்களுக்குக் கொடுப்பது 50 ஆயிரம், மிச்சம் 4.5 லட்சம். ஆக 1.25 மில்லியன் சேர்ந்துவிட்டது. அதிகம் கேட்கிறான் என்று மற்றவர்கள் விட்டுவிட்ட ஒரு நல்ல பள்ளிப் பையனை இரண்டாம் சுற்றில் எடுத்து, அவனுக்கு 2.75 மில்லியன் கொடுக்கலாம். பூலுக்குள்ளேயே முதல் சுற்றுத் தரத்தில் இரண்டு பேர்.

இது உண்மையில் நடந்த வழிதான். 2012-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதல் ஆளாக கார்லோஸ் கொரேயாவை எடுத்தார்கள். ஸ்லாட் 7.2 மில்லியன், அவர் வாங்கியது 4.8 மில்லியன். அந்த மிச்சத்தை வைத்து 41-ஆவது பிக்கில் லான்ஸ் மெக்கலர்ஸை 2.5 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட வைத்தார்கள். இருவரும் பின்னாளில் அந்த அணியோடு 2017 கோப்பையை வென்றார்கள்.

சரி, இப்போது அதே கணக்கில் வரிசையை மாற்றுங்கள். அவசரப்பட்டு பள்ளிப் பையனுக்கு 2.75 மில்லியனை முதலில் கொடுத்துவிட்டீர்கள். மற்ற எட்டுப் பேருக்கு 2.05 மில்லியன் போய்விட்டது. கடைசியாக முதல் பிக்கிடம் போனால் அவன் மாட்டேன் என்கிறான். 4 மில்லியன் கழிந்து உங்கள் பூல் 4 மில்லியனாகிவிட்டது, கொடுத்தது 4.8 மில்லியன். தாண்டியது 20 சதவீதம். முதல் சுற்று பிக் இரண்டும் போய்விட்டன, முதல் ஆளும் இல்லை.

அதனால் வரிசை இதுதான். முதல் பிக்கோடு முதலில் பேசி முடியுங்கள். அப்புறம் மலிவான கடைசி ஆண்டுக்காரர்கள். அப்புறம் ஸ்லாட் தொகைக்குச் சம்மதிப்பவர்கள். ஸ்லாட்டைத் தாண்டிக் கொடுக்க வேண்டியவனைக் கடைசியில் வையுங்கள், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி. கெடு தேதியைத் தாளில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவிடுங்கள். ஆன்லைன் லீக்கில் ஒரே இரவில் இரண்டு வாரம் ஓடிவிடும், நீங்கள் ஒரு எக்ஸ்போர்ட்டைத் தவறவிட்டால் கெடு தாண்டியிருக்கும்.

முதல் பிக் போனால் உலகம் முடிந்துவிடாது. மேஜர் லீக்கில் முதல் இரண்டு சுற்றில் கையெழுத்துப் போடாதவனுக்கு ஈடாக அடுத்த வருடம் ஓர் இடம் தள்ளி ஒரு பிக் கிடைக்கும். 2014-இல் ஆஸ்ட்ரோஸ் முதல் ஆளாக எடுத்த பிராடி ஏக்கனோடு ஒப்பந்தம் முடியவில்லை. அவருடைய ஸ்லாட் கழிந்ததால் ஐந்தாம் சுற்றில் எடுத்த பிட்ச்சருக்கு ஒப்புக்கொண்ட 1.5 மில்லியனையும் கொடுக்க முடியாமல் போனது. ஈடாக 2015-இல் கிடைத்த இரண்டாவது பிக்கில் அவர்கள் எடுத்தது பின்னாளில் நட்சத்திரமான அலெக்ஸ் பிரெக்மனை. உங்கள் லீக்கிலும் ஈடு உண்டென்றால், இந்த வருடக் கூட்டம் சுமாராகவும் அடுத்த வருடக் கூட்டம் நன்றாகவும் தெரியும்போது, அதிகம் கேட்பவனைத் துணிந்து விட்டுவிடலாம். ஈடு இல்லாத லீக்கில், கையெழுத்து 'முடியாது' என்று காட்டுகிற பையனை முதல் சுற்றில் தொடவே வேண்டாம். 10-ஆம் சுற்றுக்குப் பிறகு எடுத்து வையுங்கள், அங்கே அவன் வராவிட்டாலும் பூலில் ஒன்றும் கழியாது.

16 வயதுப் பையன்கள்

டிராஃப்ட்டில் வருபவர்கள் அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ ஆட்கள் மட்டும். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா பையன்கள் 16 வயதில் நேரடியாக ஒப்பந்தம் போடுகிறார்கள். மேஜர் லீக்கில் அந்தக் காலம் இப்போது ஜனவரி 15-இல் தொடங்குகிறது. இதற்குத் தனி பூல் உண்டு, அதை எந்த வரி கட்டியும் தாண்ட முடியாது. ஆனால் மற்ற அணியிடமிருந்து பூல் பணத்தை ஆள் கொடுத்து வாங்கலாம்.

16 வயதில் தெரியும் எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒருவனுக்கு 4 மில்லியன் கொடுப்பதைவிட எட்டுப் பேருக்கு ஐந்தைந்து லட்சம் கொடுப்பேன். இவர்கள் மேலே வர ஐந்தாறு வருடம் ஆகும், ரப்பர் மரம் பால் கொடுக்க எடுக்கும் காலம் அது. லீக்கை விட்டு இரண்டு வருடத்தில் போய்விடுவேன் என்று தோன்றினால் இதில் பணம் போடாதீர்கள்.

எடுத்த பிறகு

பள்ளிப் பையனைக் கீழ்மட்ட லீக்கில் விடுங்கள், தினமும் ஆட வையுங்கள். பெஞ்சில் உட்கார்ந்தவன் வளர மாட்டான். ஒரே மட்டத்தில் மூன்று ஷார்ட்ஸ்டாப் இருந்தால் ஒருவனை மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள், இல்லை இடத்தை மாற்றுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை கழித்துக்கட்டும் வேலையையும் செய்ய வேண்டும். 24 வயதில் இன்னும் கீழ்மட்டத்தில் திணறுகிறவனை வைத்துக்கொண்டிருந்தால் புதிதாக வந்தவனுக்கு இடம் இருக்காது. மனசு கேட்காது, தெரியும்.

கடைசியாக ரூல் 5 டிராஃப்ட், டிசம்பரில் வரும். அணி பாதுகாத்து வைக்கும் 40 பேர் பட்டியலில் இல்லாத உங்கள் பையனை மற்ற அணி ஒரு லட்சம் டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த சீசன் முழுக்க அவனைத் தன் மேஜர் லீக் அணியின் 26 பேரில் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பாதித் தொகைக்கு உங்களிடம் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். ரொபெர்ட்டோ க்ளெமென்ட்டே 1954-இல் இப்படித்தான் புரூக்ளின் டாட்ஜர்ஸிடமிருந்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குப் போனார். 18 அல்லது அதற்குக் கீழான வயதில் கையெழுத்துப் போட்டவன் ஐந்தாவது டிசம்பரில் ஆபத்துக்குள் வருகிறான், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்காவது டிசம்பரில். அதாவது 2020-இல் எடுத்த பள்ளிப் பையனும் 2021-இல் எடுத்த கல்லூரிப் பையனும் ஒரே நேரத்தில், 2024 டிசம்பரில் வந்து நிற்பார்கள். கையெழுத்து வாங்கும் அன்றே ஒவ்வொருவன் பெயருக்கும் பக்கத்தில் அந்த வருடத்தைக் குறித்து வைத்துவிட்டால், நவம்பரில் யாரை 40 பேருக்குள் சேர்ப்பது, யாரை அதற்கு முன்பே விற்பது என்று நிதானமாக முடிவு செய்ய நேரம் கிடைக்கும். அக்கா மகனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அவன் எழுதியிருப்பது கல்லூரி ஷார்ட்ஸ்டாப் ஒருவன் பெயர், 3.2 மில்லியன், அப்புறம் ஒரு டிசம்பர்.